ஆறாவது கேள்விக்கு ஒரே பதில்

1

இங்கிலாந்துக்கு வந்து மூன்று வருடமாகிறது. இந்த நாட்டு அரசாங்கம் எனக்குத் தமிழில் சொன்ன முதல் செய்தியை சென்ற மாதம் படித்தேன். ஒரு மனநலச் சேவை அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் கிடந்த துண்டுப் பிரசுரம் அது. வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்தால் மருந்து மட்டும் போதாது, குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சு உங்கள் மொழியிலேயே நடக்கும். உங்கள் வேலை நேரத்தை அனுசரித்து நடக்கும். யாருக்கும் குறைவு கூடுதல் கிடையாது. வழவழப்பான தாளில் நல்ல அச்சு.

நான் அங்கே போனது எனக்காக அல்ல. பக்கத்து வீட்டு சுகந்தி அக்காவுக்காக. (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு அவரிடம் கேட்டுக்கொண்டேன்.) அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். பதினாறு வயது மகன் ஆறு மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. மருத்துவர் குடும்ப சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்தவை வரிசையாக:

முதல் தேதி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று ரத்து.
இரண்டாம் தேதி, மொழிபெயர்ப்பாளர் வந்தார். அவர் தெலுங்குக்காரர்.
மூன்றாம் தேதிக்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு: வீட்டில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை நன்றாக ஆங்கிலம் பேசுகிறாளே, அவளையே வைத்துக்கொள்ளலாமா?

அக்கா என் கதவைத் தட்டியது அதற்குப் பிறகுதான். நான் மதிய இடைவேளையை நீட்டிக்கொண்டு உடன் போனேன். பேருந்தின் மேல்தளத்தில் அக்காவின் கணவர் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“ஆர் கேட்டாலும் வீட்டில ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு சொல்லுங்கோ. நாலு பேரும் ஒரே கதை. விளங்கிச்சே?”

மகள் ஜன்னலைப் பார்த்தபடி “ஓகே டாட்” என்றாள். அன்றைக்கு மட்டும் கெஞ்சி அறையை விட்டுக் கூட்டிவந்திருந்த மகன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான்.

அறையில் ஐம்பது நிமிடம். நான்கு பேர் தமிழில் சொன்ன ஒரே பதிலை நான் ஆங்கிலத்தில் நான்கு முறை சொன்னேன். மொழிபெயர்ப்பவர் தன் சொந்த வார்த்தையைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. விதியை நான் மீறவில்லை. பத்து நாளில் கடிதம் வந்தது: இந்தக் குடும்பத்துக்குக் குடும்ப சிகிச்சை தேவைப்படுவதாகத் தெரியவில்லை.

அக்கா அந்தக் கடிதத்தையும் ஒரு தட்டு வடையையும் கொண்டுவந்தார். பரீட்சையில் தேறிவிட்ட முகம். இது தேர்ச்சி இல்லை அக்கா, கதவைச் சாத்திவிட்டார்கள் என்றேன். அவர் தட்டைத் திரும்ப எடுக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.

“எங்கட விசா இன்னும் முடிவாகேல்லை, தங்கச்சி. வீட்டுக்குள்ள சண்டை எண்டு தெரிஞ்சால் சோஷல் சேர்விஸ்காரர் பிள்ளையளை எடுத்துக்கொண்டு போயிடுவினம். உங்களுக்கு அது விளங்காது.”

எனக்கு விளங்கும். என்னைவிட நன்றாக விளங்கக்கூடியவர்கள் குறைவு.

2

நான் வளர்ந்தது கொடைக்கானல் மலையின் மேல்பக்கம், கூக்காலுக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு குடியிருப்பில். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலி வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். இரு நாட்டு ஒப்பந்தத்தில் கப்பலேறித் திரும்பிவந்தவர்கள். மலையில் காரட், பூண்டு, உருளைக்கிழங்குத் தோட்டங்களில் தினக்கூலி. மழைக்காலத்தில் காட்டிலாகாவுக்கு, தோல் பதனிட அனுப்பும் சவுக்குப்பட்டை உரிக்கிற வேலை.

என் அண்ணன் முருகேசு காய்கறி ஜீப்பில் மூட்டை ஏற்றும் ஆளாக இருந்தான். இருபத்து மூன்று வயதில் தூக்கம் போயிற்று. பிறகு வேலை போயிற்று. தன்னைப் பற்றி யாரோ இடைவிடாமல் பேசுவதாகச் சொன்னான். ஒரு நாள் சோலைக்காட்டுக்குள் நடந்து போய்விட்டான். இரண்டு நாள் கழித்து, ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தவனை வனக்காவலர் பிடித்துவந்து, இன்னொரு முறை காட்டுக்குள் பார்த்தால் கேஸ் எழுதுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கொடைக்கானல் டவுனில் ஒரு தொண்டு நிறுவனம் மனநல மையம் நடத்தியது. பெயர் வேண்டாம். மாதம் இரண்டு சனிக்கிழமை மதுரையிலிருந்து டாக்டர் வருவார். மாத்திரை இலவசம். அதற்காக இன்றும் நான் நன்றி சொல்வேன். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு இரண்டு வாசல் இருந்தது. பின்வாசலில் பெஞ்சு. மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கத்து ஆட்கள் மாத்திரைக்கு உட்காரும் இடம். முன்வாசலில் பிரம்பு நாற்காலி போட்ட அறை. குடும்ப ஆலோசனை நடக்கும் இடம். அங்கே பள்ளிக்கூட ஆசிரியர் குடும்பங்களும் லாட்ஜ் வைத்திருப்பவர்களும் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. விதிமுறை எல்லோருக்கும் ஒன்றுதான்: வார நாளில், காலை பத்து மணிக்கு, வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒன்றாக வர வேண்டும். எங்கள் பக்கத்து முதல் பேருந்து டவுனில் இறக்கிவிடும்போது மணி பத்தரை.

சமத்துவம் என்பதை இப்படியும் எழுதி வைக்கலாம் என்று நான் தெரிந்துகொண்டது அங்கேதான்.

3

நான் அப்போது பழனியில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது மையத்து நர்ஸிடம் மன்றாடி எங்களுக்கும் ஒரு தேதி வாங்கினேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்பதால், நேரம் மிச்சமாகட்டும் என்று அவர் கேள்விப் படிவத்தை முன்கூட்டியே என் கையில் கொடுத்துவிட்டார். நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார்.

அந்தப் படிவத்தை அப்பா பார்த்த விதம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவருக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எத்தன கேள்வி?” என்று மட்டும் கேட்டார். பதினான்கு என்றேன்.

அப்பா சிறுவயதில், கண்டியில் இந்தியா திரும்ப மனுக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் குடும்பத்தோடு வரிசையில் நின்றிருக்கிறார். அதிகாரி ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்விகளைக் கேட்டிருக்கிறார். எந்த லயம், எத்தனை பிள்ளை, யாருக்கு என்ன வயது. தாத்தா சொன்ன பதிலுக்கும் அவர் தம்பியான அப்பாவின் சித்தப்பா சொன்ன பதிலுக்கும் வித்தியாசம். சித்தப்பாவின் காகிதத்தை மட்டும் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தச் சித்தப்பா இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறார். நான் அவரைப் பார்த்ததில்லை.

“ஆபீஸ்ல ஆளுக்கொரு பேச்சு பேசுனா குடும்பம் சிதறிரும்” என்றார் அப்பா. “நீ படிச்ச புள்ள. என்ன சொல்லணும்னு எழுது. எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கிருவோம்.”

எழுதினேன். ஆய்வகக் குறிப்பேட்டிலிருந்து தாள் கிழித்து, இடதுபக்கம் கேள்வி, வலதுபக்கம் விடை. இரண்டு நாள் சாயங்காலம் அடுப்பங்கரையில் ஒத்திகை. நான் ஆலோசகர் மேடம், அவர்கள் குடும்பம். அம்மா மூன்றாவது கேள்வியில் தடுமாறினால் முதலிலிருந்து ஆரம்பித்தோம். அண்ணனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவன் எல்லாவற்றையும் சரியாகத் திருப்பிச் சொன்னான்.

ஆறாவது கேள்வி: பகலில் இவருடன் யார் இருக்கிறார்கள்?

விடை: அம்மா.

உண்மை இது. அம்மாவும் காலை ஏழரைக்கு வேலைக்குப் போய்விடுவார். ஒரு ஆள் கூலியில் வீடு ஓடாது. வீட்டுக்குப் பின்னால் பூண்டு காயவைக்கும் அறை இருந்தது. கம்புகளில் விதைப்பூண்டு கட்டித் தொங்கும். உள்ளே போனால் கண் எரியும். காலையில் அண்ணனை அதற்குள் விட்டு, சோற்றுச் சட்டியும் தண்ணீரும் ஒரு வாளியும் வைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவார்கள். நாலு மணிக்குத் திறப்பார்கள். காட்டுக்குள் போய்விடுவானே என்ற பயம். கேஸ் எழுதுவார்களே என்ற பயம். அப்பா கொடுமைக்காரர் இல்லை. தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற வழியெல்லாம் பேசாமல் நடப்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

விடுமுறையில் நானும் விறகுக்கோ தண்ணீருக்கோ போகும்போது அந்தத் தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை எண்ணவில்லை.

4

அன்று விடியுமுன் காரட் மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து ஜீப்பில் போனோம். அண்ணன் முன்பு வேலை பார்த்த அதே ஜீப். டிரைவர் அவனைப் பார்த்து, “வா மாப்ள, ரொம்ப நாளா லீவுல இருக்க போல” என்றார். அண்ணன் சிரித்தான். வெள்ளனே போய்விட்டதால் மூன்று மணி நேரம் மையத்து வாசலில் காத்திருந்தோம். வழக்கம்போலப் பின்வாசலுக்குப் போன அப்பாவை நான்தான் முன்பக்கம் கூட்டிவந்தேன். பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா உட்காரவே இல்லை. மேடம் இரண்டு முறை சொன்ன பிறகு உட்கார்ந்தார்.

மேடம் நல்லவர். சென்னையில் படித்தவர். பாதி ஆங்கிலத்தில் பேசினார், என்னைப் பார்த்துப் பேசினார். நான் மற்றவர்களுக்குச் சொன்னேன். ஆறாவது கேள்வி வந்தது.

“அவுக அம்மாதாங்க” என்றார் அப்பா.

“நான்தாங்க” என்றார் அம்மா.

“அம்மா” என்றேன் நான்.

மேடம் அண்ணனிடம் திரும்பினார். அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். அந்த அறையில் அன்று ஒருவர் பேசிய ஒரே உண்மை அந்தச் சிரிப்புதான். மேடம் படிவத்தில் எழுதியதை நான் தலைகீழாக வாசித்தேன்: காரணமின்றிச் சிரிக்கிறார். அடுத்த சனிக்கிழமை டாக்டர் தினம் ஒன்றாக இருந்த மாத்திரையை இரண்டாக்கினார்.

இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. கோப்பின் கடைசி வரி: குடும்ப ஒத்துழைப்பு நன்று. மேலும் அமர்வு தேவையில்லை.

வெளியே வந்ததும் அப்பா எனக்கு பஜாரில் ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார். “நம்ம புள்ள இல்லாட்டி மாட்டியிருப்போம்” என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தாழ்ப்பாள் இன்னும் நான்கு வருடம் இருந்தது. நான் கோயம்புத்தூரில் மென்பொருள் சோதிக்கும் வேலைக்குப் போய், அம்மா வேலையை விட்ட பிறகுதான் அது நின்றது. பகலில் அவனோடு அம்மா இருக்கிறார் என்ற விடை அப்போதுதான் உண்மையானது. அதற்குள் அண்ணன் பேசுவதைக் கிட்டத்தட்ட நிறுத்தியிருந்தான். மாத்திரை போடுவான், கூக்கால் ஏரிப்பக்கம் நடப்பான், திரும்பி வருவான். அப்பாவின் முன்னால் சாப்பிட மாட்டான். அப்பா ஏன் என்று கேட்டதில்லை.

முன்வாசல் அறையில் ஒரு மணி நேரம் யாராவது பொறுமையாக உட்கார்ந்திருந்தால், ஒரே மாதிரி வருகிற விடைகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருந்தால், எங்கள் பேச்சில் எங்களோடு பேசியிருந்தால்? பக்கத்து வீட்டு ஆட்களோடு முறை வைத்திருக்கலாம். அம்மா அரை நாள் மட்டும் போயிருக்கலாம். பெரிய மருத்துவம் ஒன்றும் தேவையிருக்கவில்லை. ஆசிரியர் குடும்பங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் வாரா வாரம் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடமும் ஒரு நற்சான்றும்.

5

சுகந்தி அக்காவின் கடிதத்தைப் பார்த்த மறுநாள் கொடைக்கானல் மையத்துக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் கணினியில் பார்த்துவிட்டு, குடும்ப ஆலோசனைக் கோப்பு மூடப்பட்டது என்றார். திறக்க என்ன வழி என்று கேட்டேன். டாக்டர் எழுத வேண்டும். டாக்டர் எழுத, நோயாளி கேட்க வேண்டும். நோயாளி பேசுவதில்லையே என்றேன். அப்படியானால் குடும்பம் கேட்கலாம். நான் குடும்பம்தான் என்றேன். நீங்கள் வெளிநாட்டில் அல்லவா இருக்கிறீர்கள், வீட்டில் இருப்பவர்கள்தான் கணக்கு என்றார்.

மூன்று வாரத்தில் பதினோரு அழைப்பு. பதினொன்றாவதில் நூர்ஜஹான் கிடைத்தார். புதிதாகச் சேர்ந்த ஆலோசகர். பழனி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவரின் மகள். நான் முழுக் கதையையும் சொன்னேன், தாழ்ப்பாள் உட்பட. எட்டு வருடத்தில் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் அதிர்ச்சி அடைந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“பத்து மணி ரூல் எழுதினவங்க டவுனுக்குள்ளயே இருக்கவங்கக்கா” என்றார். “பதினொண்ணரைக்கு வரச் சொல்லுங்க. டாக்டர்ட்ட நான் எழுதி வாங்கிக்கிர்றேன். போனை ஸ்பீக்கர்ல போட்டு உங்களையும் சேத்துக்கிருவோம்.”

அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. எல்லாம் ஓஞ்சு கெடக்கு, எதுக்கு இந்தச் சோலி என்றார். அம்மா போனை வாங்கி, “நாங்க வர்றோம்” என்று வைத்துவிட்டார்.

நான் தயாரானேன். எனக்குத் தெரிந்த விதத்தில். நடந்தவை எல்லாவற்றையும் வருடவாரியாகத் தட்டச்சு செய்தேன்: இருபத்திரண்டு குறிப்புகள். யார் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தனி நிரல். ஆறாவது கேள்விக்கு இந்த முறை உண்மையான விடையை முதலில் நான் சொல்வது, பிறகு அம்மா, பிறகு அப்பா என்று ஒழுங்கு. அலுவலகத்தில் விடுப்பு எடுத்தேன்.

6

அங்கே பதினொன்றரை என்றால் இங்கே காலை ஆறு. சமையலறை மேசையில் தாள்களை அடுக்கிவைத்துக் காத்திருந்தேன். மணி அடித்தது. நாற்காலி இழுக்கும் சத்தம், அப்பாவின் இருமல், “லைன்ல இருக்காளா?” என்று அம்மா கேட்பது எல்லாம் கேட்டது. நூர்ஜஹான் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னார். பிறகு அண்ணனிடம் கேட்டார்: “உங்க தங்கச்சி போன்ல கேட்டுக்கிட்டிருக்காங்க. பேசுவாங்க. உங்களுக்குச் சம்மதமாண்ணே?”

இது ஒரு நடைமுறைக் கேள்வி. என் நிரலில் அது இல்லை. அதை அவனிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இணைப்பு இருக்கிறதா என்று திரையைப் பார்த்தேன்.

“அவ வேணாம்” என்றான் அண்ணன். குரல் தடித்திருந்தது.

“ஏலே, அவதான இம்புட்டும் ஏற்பாடு பண்ணுனா” என்றார் அப்பா.

“பண்ணட்டும். அவ இருந்தா எல்லாத்தையும் நல்லாச் சொல்லிருவா. நம்பர் போட்டுச் சொல்லிருவா. பெறகு நாம என்னத்தச் சொல்றது?”

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் பல வருடம் கேட்டதில்லை.

“அக்கா” என்றார் நூர்ஜஹான்.

“வச்சிர்றேன்மா” என்றேன். வைத்துவிட்டேன்.

அன்று முழுவதும் விடுப்பு. செய்ய ஒன்றும் இல்லை. மதியத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் நூர்ஜஹானின் எண்ணுக்கு அடித்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.

“அவங்க அனுமதி இல்லாம நான் சொல்லக் கூடாதுக்கா. ஒண்ணேகால் மணி நேரம் இருந்தாங்க. அடுத்த மாசம் வர்றாங்க. அது மட்டும் சொல்லலாம்.”

எனக்குக் கோபம் வந்தது. பதினோரு அழைப்பு யார் செய்தது, இந்தக் கதவை யார் திறந்தது என்று கேட்டேன். எட்டு வருடம் முன்னால் இவ்வளவு கறாராக இருந்திருக்கலாமே என்றும் கேட்டேன். அந்தப் பெண் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “வேற ஏதாவது சொல்லணுமாக்கா?” என்றார். அந்த மையம் எங்கள் குடும்பத்துக்குச் செய்த முதல் சரியான காரியம் எனக்குப் பதில் சொல்லாததுதான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன். பனி விழுந்து பூண்டுத்தாள் கருகிவிட்டது என்றார். கூக்கால் பஸ் இரண்டு நாளாக வரவில்லை என்றார். நேற்றைக்கு அப்பாவும் அண்ணனும் சேர்ந்து ஏரிப்பக்கம் போய்விட்டு வந்தார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் கேட்டேன். அன்றைக்கு அங்கே என்னதான் பேசினீர்கள், என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா, தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னானா?

வீட்டில் உப்புத் தீர்ந்தால்கூட என்னிடம் சொல்கிறவர் அம்மா.

“அது வீட்டு ஆளுக பேசிக்கிட்டதும்மா” என்றார். “நீ சாப்டியா?”